கள்ளத்தோணி என்ற சொல்லும் வன்னியில் இருக்கும் நம் சொந்தங்களும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வெள்ளைக்கார நாடுகளில் கறுப்பரையும் குடியேறிகளையும் எப்படி நடத்துகிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். பேசுவோம். அதற்கு முன் ஒரு சொல்: "கள்ளத்தோணி". இந்தச் சொல்லைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? நம்ம பாட்டன், பூட்டன் யாரும் களவாக வரவில்லை. துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது, கங்காணி கூட்டி வந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, வழியிலேயே காய்ச்சலில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள்தான் மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

1948 ஆம் ஆண்டு ஜூன் 22 இல் 'விண்ட்ரஷ்' என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் மக்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனது. யுத்தம் முடிந்து அங்கேயும் ஆள் தேவைப்பட்ட காலம். பிரித்தானியப் பிரஜைகளாகத்தான் போனார்கள். வாடகைக்கு அறை கேட்டால் கதவைச் சாத்தினார்கள். சின்ன வயதில் அப்படிப் போனவர்களிடமே பிற்காலத்தில் "கடதாசி எங்கே?" என்று கேட்டு, வேலையைப் பறித்து, சிலரை நாடு கடத்தியது 2018 இல் அம்பலமானது. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் அட்டைகளை 2010 இல் அரசாங்கமே அழித்துவிட்டிருந்தது!

அதே 1948, நவம்பர் 15. இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு வைத்தார்கள்? அடுத்த வருஷம் வாக்கும் போனது. வடக்கின் தலைவர்களும் இதில் ஒன்றாக நிற்கவில்லை. 1949 இல் வந்த சட்டத்தை, அப்போது மந்திரியாக இருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரித்தார், அவரை விட்டுப் பிரிந்த செல்வநாயகம் அந்த வருஷமே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலை எண்ணிப் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இங்கே 300,000, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று.

1958, 1977 கலவரங்களில் அடிபட்ட நம்மவர்கள் வன்னிக்குப் போனார்கள். "தமிழன் ஊர், அங்கே அடிக்க மாட்டான்" என்ற நம்பிக்கைதான். 1977 க்குப் பிறகு டாக்டர் இராஜசுந்தரமும் கட்டிடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் அவர்களைக் குடியேற்ற உழைத்தது. இராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொன்றார்கள். டொலர் பாம், கென்ட் பாமில் இருந்த நம்மவர்களை 1984 இல் படையினர் விரட்டினார்கள்.

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான் நகர் என்று நம் ஆட்கள் இருக்கும் ஊர்கள் பல. காடு வெட்டியது அவர்கள். ஆனால் வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் பெரும்பாலும் வேறு ஆட்களுடையது. நம்மவருக்கு மேட்டு நிலம், வயலில் கூலி வேலை. அங்கே ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார்: "ஐயா, சிங்களவன் 'தெமளா'ன்னு விரட்டினான். இங்க வந்தா நம்ம தமிழனே 'தோட்டக்காட்டான்'ங்கிறான். நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் நான் வந்த ஆளுதான்." பெண் கேட்டுப் போனாலும் அதே சொல்தானாம். 2009 இல் செல் விழுந்தபோது மட்டும் யாரும் ஊர் விசாரிக்கவில்லை. எல்லோரும் ஒரே பங்கரில், பிறகு ஒரே மெனிக் பாம் கூடாரத்தில்.

இப்போது கனடாவைப் பார்ப்போம். 1986 இல் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கடலில் தத்தளித்தார்கள். மீன்பிடிகாரர் கரை சேர்த்தார்கள். 2010 இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் போனபோது பலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து, "வரிசையில் நிற்காமல் களவாக வந்தவர்கள்" என்று அங்கே பேசினார்கள். அதாவது, கள்ளத்தோணி! நம்மை அப்படி அழைத்தவர்களின் பிள்ளைகளும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டி வந்தது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம்ம லயத்திலும் சாதி பார்த்துச் செம்பு கொடுத்தவர்கள் இருக்கத்தானே செய்தார்கள்?

பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. ஆனால் வன்னியில் காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பங்களை நாம் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் உண்டு. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அங்கே உள்ள சொந்தங்களின் பழைய தோட்டத்துச் செக்ரோல் நம்பர், பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானக் கடதாசி எதுவானாலும் இங்கே ஒருவர் பெட்டிக்குள் கிடக்கலாம். இன்று இரவே வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள்.