அங்குலத்துக்குப் பத்து எழுத்து

லாரி பார்சல் ஆபீசில் சரக்கு எடுக்கப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். இரண்டு ஓரமும் துளை போட்ட காகிதத்தை இழுத்துக்கொண்டு கிர்ர், கிர்ர் என்று பில் அடிக்குமே, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதைப் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். லேசர் வந்த பிறகும் இது கடையைக் காலி செய்யவில்லை. கார்பன் வைத்த மூன்று தாளிலும் ஒரே நேரத்தில் எழுத்து விழ வேண்டுமானால் ஊசி குத்தித்தான் ஆக வேண்டும்.

முதலில் எழுத்தின் தினுசு. டிராஃப்ட் என்பது ஒரே ஓட்டம். வேகம் உண்டு, எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரியும். என்.எல்.க்யூ. என்ற மெருகான தினுசை வைத்தால், ஒன்பது ஊசி பிரிண்டரில் ஊசி பொருத்திய தலை அதே வரியில் இரண்டு தடவை ஓடி இடைவெளியை நிரப்பும். பில்லுக்கு முன்னது, கடிதத்துக்குப் பின்னது. அவ்வளவுதான்.

என் மனசு இருப்பது பிட்சில். ஓர் அங்குலத்தில் எத்தனை எழுத்து என்ற கணக்கு அது. ஆங்கிலத்தில் சுருக்கி சி.பி.ஐ. என்பார்கள். ரெய்டுக்கு வருகிற சி.பி.ஐ. இல்லை, பயப்படாதீர்கள்! சாதாரணமாக 10. சின்ன பிரிண்டரில் ஒரு வரியின் நீளம் 8 அங்குலம், ஆக 80 எழுத்து. 12 வைத்தால் 96. கண்டென்ஸ்டு என்று ஒன்று உண்டு, அதில் அங்குலத்துக்கு 17 எழுத்துக்குக் கொஞ்சம் மேலே. அதே காகிதத்தில் 137 எழுத்து அடங்கிவிடும்.

ஒரு மண்டியில் இப்படித்தான். பில்லில் தொகை மட்டும் அடுத்த வரிக்குத் தாவிக் குதிக்கிறது. முதலாளி அகலமான பிரிண்டர் வாங்கவே கிளம்பிவிட்டார். நான் அந்த வரியில் எழுத்துகளை விரல் வைத்து எண்ணினேன். 132. "அண்ணாச்சி, பணத்தைப் பெட்டியில வைங்க" என்று சொல்லிவிட்டு, பில்லுக்கு முன்னால் 15 என்ற கட்டளை எண் போகும்படி புரோகிராமில் சேர்த்தேன். எழுத்து ஒடுங்கியது, தொகை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்குக் கிடைத்த காபிக்குத் தனி ருசி!

மறுவாரமே திட்டும் கிடைத்தது. ஒடுக்கியதை விரிக்க 18 அனுப்ப வேண்டும், அதை மறந்துவிட்டேன். அதன் பிறகு அடித்த ரசீது எல்லாம் பொடி எழுத்து. நெல் போட வந்த பாட்டி ஒருத்தி சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "ஏன் தம்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கே, எனக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். அன்றிலிருந்து 15 போட்ட கையோடு 18-ம் போட்டுவிடுவேன்.

இன்னொன்று, கேட்டுக்கொள்ளுங்கள். பிரிண்டரில் உள்ள ஃபான்ட் பொத்தானை அழுத்தியும் எழுத்து மாறவில்லை என்று அடிக்கடி எனக்குப் போன் வரும். குற்றம் பொத்தானில் இல்லை. கம்ப்யூட்டர் அனுப்புகிற கட்டளை வந்தால் பொத்தானின் பேச்சு எடுபடாது. விண்டோஸ் எழுத்தைப் படமாக அனுப்பினாலும் அதே கதைதான், வேகமும் குறையும். மென்பொருளில் பிரிண்டரின் சொந்த எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால், அநேக பிரிண்டர்களில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே சோதனைப் பக்கம் அடித்துக் காட்டும்.

நேரம் முடிகிறது. பிட்சை மாற்றும் முன் உங்கள் பில்லின் நீளமான வரியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாற்றிய பிறகு, வீட்டில் வயதானவர் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியைத் தேடினால் இன்னும் ஒரு படி பெரிதாக்குங்கள்.