கினிக்கோழி நீந்தும் விரிகுடா

இன்று பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாய்க்குப் போவோம். அங்கே ஓவாஹு தீவில், கூட்டம் அலைமோதும் வைக்கீக்கி கடற்கரையிலிருந்து கிழக்கே அரைமணி நேரம் காரில் போனால் ஹனவுமா விரிகுடா. ஹவாய் மொழியில் ‘ஹனா’ என்றாலே விரிகுடாதான். ‘உமா’ என்றால் வளைவு. அதன் பின்னால் இன்னொரு ‘விரிகுடா’ சேர்ப்பது நம் ஊர் ‘நடு சென்டர்’ மாதிரி. ஊர் உலகம் அப்படித்தான் சொல்கிறது, நானும் சொல்லிவிடுகிறேன்.

மேட்டில் நின்று பார்த்தால் இடத்தின் கதை புரிந்துவிடும். அது பழைய எரிமலை வாய். கடலைப் பார்த்த பக்கத்துச் சுவரை அலைகள் அரித்து உடைத்துவிட்டன. கரை உடைந்த ஏரி பார்த்திருப்பீர்கள். இங்கே தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே வந்து தங்கிவிட்டது. கரையோரம் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரிலேயே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது.

உடனே இறங்கிவிட முடியாது. முதலில் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டுவார்கள்: பவளத்தை மிதிக்காதே, மீனுக்குத் தீனி போடாதே. ஒரு காலத்தில் ரொட்டியும் பட்டாணியும் அள்ளிப் போட்டுக் கெடுத்த இடம் இது. 1967-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தேன். பளபளவென்று கூட்டம் கூட்டமாக மீன்கள் போயின. நான் தேடியது அவற்றை அல்ல. ஒரு பாறை இடுக்கின் வாயில், உள்ளங்கை அளவில், கறுப்பாக ஏதோ ஒன்று அசையாமல் நின்றது. உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. கறுப்புத் துணியில் கோலமாவு தெறித்த மாதிரி. சின்னஞ்சிறு வாய், உதட்டைக் குவித்து விசிலடிக்கப் போவதுபோல. புள்ளிப் பெட்டி மீன்!

நான் பார்த்தது பெண். முதிர்ந்த ஆணுக்கு முதுகில் மட்டும் அந்தப் புள்ளிகள் தங்கும். விலா இரண்டும் ஆழ்ந்த நீலம், இடையிடையே பொன்மஞ்சள். இரண்டையும் வேறு வேறு இனம் என்றே அறிஞர்கள் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1796-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதற்கு ‘ஆஸ்ட்ரேசியன் மெலியாகிரிஸ்’ என்று பெயர் வைத்தார். மெலியாகிரிஸ் என்றால் கினிக்கோழி. அந்தக் கோழியின் இறகைப் பார்த்தவர்கள் யாரும் பெயரில் குறை சொல்ல மாட்டார்கள்.

நம் கடலோர நேயர்களுக்குப் பேத்தை மீன் தெரியும். ஆபத்து வந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளும். அதன் உறவுதான் இது, ஆனால் ஊதாது, ஊதவும் முடியாது. ஆறுகோணத் தகடுகள் ஒன்றோடொன்று இறுகி, உடம்பைச் சுற்றி எலும்புப் பெட்டியாகிவிட்டன. வாய், கண், செவுள், துடுப்பு, வால் இவற்றுக்கு மட்டும்தான் திறப்பு. உடம்பை வளைத்து நீந்த வழியில்லாததால் முதுகிலும் அடியிலும் பக்கத்திலும் உள்ள குட்டித் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே போகும். வால் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும், அவசரத்துக்குத்தான் வேலை.

இதன் ஒன்றுவிட்ட தம்பியான மஞ்சள் பெட்டி மீனைப் பார்த்து, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2005-இல் ஒரு மாதிரிக் காரையே செய்து காட்டியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராக, நிலையாகப் போகும் வடிவம் என்று நினைத்தார்கள். 2015-இல் வந்த ஆய்வு வேறு சொன்னது: அந்தப் பெட்டி அப்படியொன்றும் வழுக்கிக்கொண்டு போவதில்லை; நிலையாக நிறுத்துவதற்குப் பதில் திருப்பிவிடவே பார்க்கிறது. பாறைச் சந்துகளில் வாழும் மீனுக்கு அதுதானே தேவை! கார்க்காரர்கள் தேடியது நெடுஞ்சாலை வண்டி. கடலில் இருந்ததோ நின்ற இடத்திலேயே திரும்பும் ஆட்டோ.

இப்போது 1967-க்கு வருகிறேன். ஹவாய் மக்கள் இந்த மீனை ‘பாஹு’ என்பார்கள். பாஹு என்றால் பெட்டி. சுறாத்தோல் போர்த்திய அவர்களுடைய முரசுக்கும் அதே பெயர். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர்கள் பால் ஷோயரும் பாய்லனும் இந்த மீனின் நஞ்சைப் பிரித்து, ‘பாஹுடாக்சின்’ என்ற பெயரோடு அதே 1967-இல் வெளியிட்டார்கள். பாம்பைப்போலக் கடித்து ஏற்றும் நஞ்சல்ல. மீன் மிரண்டால் தோலிலிருந்து கசியும், சோப்பு மாதிரி நுரைக்கும், மற்ற மீன்களைக் கொல்லும். கடலில் கரைந்து போய்விடும். மூடிய கண்ணாடித் தொட்டியில் என்றால் கூட இருக்கும் மீன்கள் சாகும். சில நேரம் கசியவிட்ட மீனே சேர்ந்து சாகும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அன்று ஒரு தப்புச் செய்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே பார்க்கும் ஆசையில் கையை ஊன்றாமல் மிதந்தபடியே அதை இடுக்குக்குள் நெருக்கினேன். அது ஓடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண்ணை என்மேல் நிறுத்தி, துடுப்பை இன்னும் வேகமாக அடித்தது. வெட்கப்பட்டு விலகி வந்தேன். நீங்கள் போனால் இரண்டு கை தூரம் தள்ளியே மிதந்து பாருங்கள்; அதுவாகவே வெளியே வரும்.

முன்பதிவு செய்துகொண்டு போங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விரிகுடாவுக்கு விடுமுறை.