யதார்த்தம் யாருக்குச் சொந்தம்?

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் யதார்த்தம் என்னும் சொல்லுக்குப் பல முகங்கள் உண்டு. கள்ளமில்லாமல் பேசுகிறவரை யதார்த்தமானவர் என்கிறார்கள். தற்செயலாக நேர்ந்ததை யதார்த்தமாக நடந்தது என்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவனுக்கு ஊரே பகை என்பதற்கு "யதார்த்தவாதி வெகுஜன விரோதி" என்றொரு பழமொழியும் இருக்கிறது. ஆனால் நிர்வாகியின் அறையிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் இச்சொல் வேறொரு வேலையைச் செய்கிறது. "கொஞ்சம் யதார்த்தமாகப் பாருங்கள்" என்று அங்கே ஒருவர் சொன்னால், கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே பொருள்.

பெங்களூரில் இதற்குக் கன்னடத்தில் புகழ்பெற்ற வாசகம் ஒன்று உண்டு: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". பேருந்து இருக்கையில் இன்னொருவருக்கு இடம் கேட்கும்போது அது நல்ல பண்பாடு. மூன்று பேரின் வேலையை இரண்டு பேர் முடிக்க வேண்டும் என்று சூபர்வைசர் கேட்கும்போது அதே சொற்கள் சுரண்டலின் மொழியாகின்றன. ஊரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்தவனைக் குறித்த சொல், ஒத்துப்போகச் சொல்லும் அறிவுரையாக மாறிய கதையை ஆராய வேண்டும்.

பொருள் எவ்வாறு உள்ளதோ அவ்வாறு என்பதே வடசொல்லான யதார்த்தத்தின் நேர்ப்பொருள். நியாய மரபின் தருக்க நூல்கள் சரியான அறிவை யதார்த்த அனுபவம் என்றே வரையறுத்தன. சிப்பியைச் சிப்பியாகக் காண்பது யதார்த்தம். வெள்ளியாகக் காண்பது மயக்கம். இந்தியத் தத்துவம் என்றாலே உலகம் மாயை என்பதுதான் என்று ஓதுகிறவர்களுக்கு, நியாயமும் வைசேடிகமும் லோகாயதமும் புற உலகின் உண்மையை ஏற்றவை என்பது வசதியாக மறந்துபோகிறது. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட "லோகாயதா" நூல் அந்த மறதிக்கு எதிராக எழுதப்பட்டதே.

1909இல் வெளிவந்த "பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்" நூலில் லெனினும் இச்சொல்லின் சிக்கலைத் தொட்டுச் செல்கிறார். மனத்துக்கு வெளியே உலகம் இருக்கிறது என்னும் நிலைபாட்டைச் சிலர் யதார்த்தவாதம் என அழைத்தனர். அந்தப் பெயரை நேர்க்காட்சிவாதிகள் குழப்பிவிட்டதால், பொருள்முதல்வாதம் என்றே கூறுவது சரி என்று லெனின் முடிவு செய்தார். ஒரு சொல்லை எதிரணி அழுக்காக்கிவிடுவது புதிய விஷயமல்ல.

மார்க்சியம் இத்துடன் நிற்பதில்லை. உலகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அதை முதலாளியும் ஒப்புக்கொள்வார். அந்த உலகம் முரண்பாடுகளால் இயங்குகிறது என்பதும், கண்ணுக்குத் தெரியும் தோற்றம் உள்ளிருக்கும் உறவை மறைக்கக்கூடும் என்பதும் அவருக்கு உவப்பானவை அல்ல. கூலிச் சீட்டில் செய்த வேலை முழுவதற்கும் பணம் கொடுக்கப்பட்டதுபோலத் தெரிகிறது. உபரி உழைப்பு அதில் எந்த வரியிலும் அச்சிடப்படுவதில்லை. சீட்டு பொய்யல்ல; ஆயினும் அதை மட்டும் படிப்பவருக்குத் தொழிற்சாலை புரியாது.

கலைக்கும் இது பொருந்தும். லண்டன் கிழக்குப் பகுதியில் துணி தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றி மார்கரெட் ஹார்க்னஸ் 1887இல் "நகரத்துப் பெண்" என்னும் நாவலை எழுதினார். 1888 ஏப்ரலில் எங்கெல்ஸ் அவருக்கு எழுதிய கடிதம் மார்க்சிய அழகியலின் மூல ஆவணங்களில் ஒன்று. நுணுக்கமான விவரங்களின் உண்மை போதாது; வகைமாதிரியான மாந்தர் வகைமாதிரியான சூழலில் காட்டப்பட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நாவலில் தொழிலாளி வர்க்கம் தனக்குத்தானே உதவிக்கொள்ள முடியாத செயலற்ற கூட்டமாக, மேலிருந்து யாராவது கைதூக்கிவிடக் காத்திருப்பதாக வருகிறது என்பதே அவரது குறை. அதே கடிதத்தில் எழுத்தாளருக்கு ஒரு சலுகையும் தந்தார்: லண்டன் கிழக்குப் பகுதி அளவுக்குப் போராட்டம் மங்கிய தொழிலாளர் பகுதி வேறெங்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதம் கழிந்தது. 1888 ஜூலையில் அதே கிழக்கு லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள், ஏறத்தாழ 1,400 பேர், வேலையை நிறுத்தி வென்றார்கள். (அவர்களது நிலையை ஏட்டில் அம்பலப்படுத்திய அன்னி பெசன்ட்தான் பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்தவர்.) அடுத்த ஆண்டு துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர். எங்கெல்ஸின் சலுகையை வரலாறு திரும்பப் பெற்றுக்கொண்டது. அவரது விமர்சனம் நின்றது.

பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலைத் திரை எவ்வாறு காட்டியது என்பதை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். 2018இல் வெளியான "கே.ஜி.எஃப்." படத்துக்கு அங்குள்ள சயனைடு மண்மேடுகளிலேயே படப்பிடிப்பு நடந்தது. புழுதி உண்மை, மண் உண்மை. மக்கள் மட்டும் ஒரு நாயகன் வந்து விடுவிக்கும்வரை குனிந்தே நிற்கும் அடிமைகள். பதிவு முறைக்கு எதிராக 1930இல் வேலைநிறுத்தம் செய்து, செங்கொடியின் கீழ் சங்கம் கட்டி, 2001இல் சுரங்கம் மூடப்பட்டதற்குப் பிறகும் உரிமைக்காக அலைந்த தமிழ்த் தொழிலாளரை அப்படத்தில் காணமுடியாது. ஹார்க்னஸின் குறை நூற்று முப்பது ஆண்டுக்குப் பிறகு பல கோடி ரூபாய்ச் செலவில் திரும்பியது. ஹார்க்னஸுக்காவது உழைப்பவர்மேல் உண்மையான பரிவு இருந்தது.

இனி பெங்களூரின் தையல் இயந்திரங்களுக்கு வருவோம். இங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மணிக்கு இத்தனை உருப்படி என்ற டார்கெட், கழிப்பறைக்குச் செல்லவும் தயங்க வேண்டிய நிலை, குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளம். சங்கங்கள் இருந்தன, அவற்றில் சேர்ந்தவர்கள் சிறு பகுதியினரே. இவர்களைத் திரட்ட முடியாது, அழுத்தினால் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பதே யதார்த்தம் எனப் பேசப்பட்டது.

2016 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வருங்கால வைப்பு நிதி விதியைத் திருத்தியது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. டெல்லியின் கோப்பில் அது முதுமைக்கான சேமிப்பு. பொம்மனஹள்ளியில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கடன் அடைப்பு, ஆலை மாறும் இடைவெளியில் அடுப்பெரிய வழி. 58 வயதுவரை அந்த இயந்திரத்தில் உட்கார உடம்பு தாங்காது என்பதை அந்தப் பெண்கள் அறிவார்கள். எது யதார்த்தம் என்பதை எங்கிருந்து பார்ப்பது என்ற கேள்வி இங்கே தத்துவ வகுப்பின் கேள்வியாக இருக்கவில்லை.

ஏப்ரல் 18 அன்று அவர்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். மறுநாள் நகரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன, வாகனங்களும் எரிந்தன. முதலில் அமலாக்கத்தை ஒத்திவைப்பதாகச் சொன்ன அமைச்சகம், 19ஆம் தேதி மாலைக்குள் அறிவிக்கையையே ரத்து செய்தது. அத்தனை பெரிய எழுச்சியை எந்தத் தலைமையும் முன்கூட்டிக் கணிக்கவில்லை. இடதுசாரிகள் இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது நல்லது. திரட்ட முடியாதவர்கள் என்னும் எண்ணம் முதலாளிகளிடம் மட்டும் இருக்கவில்லை.

வெற்றியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் எழுச்சி அதே அளவில் சங்க உறுப்பினர் பட்டியலாக மாறவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து தர வேண்டிய, மாதம் 417 ரூபாய் 60 காசு பஞ்சப்படி உயர்வை மாநில அரசு தள்ளிவைத்தது. அந்த உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்த பின்னும் ஆலைகள் பல, ஓராண்டுக்கு மேல் அதைக் கொடுக்காமல் இழுத்தன. அப்போதும் தொழிலாளர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: நிலைமை தெரியாதா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.