நாழிகைக் கணக்கரும் கிரானும்



முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் வருவர். குறுநீர்க் கன்னல் என்னும் நீர்க்கடிகையைப் பார்த்து அரசனுக்குப் பொழுதறிவிப்பது அவர்தம் தொழில். லினக்ஸ் கணினிக்குள்ளும் அத்தகைய கணக்கர் ஒருவர் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த அவர் பெயர் கிரான். நிமிடத்திற்கு ஒருமுறை கண்விழித்துத் தம் பட்டியலை நோக்குவார். வேளை வந்த பணியை ஏவிவிட்டு மீண்டும் துயில்வார்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். ‘0 22 * * 5’ என்றால் வெள்ளிதோறும் இரவு 10 மணி. உடுக்குறிக்கு ‘எதுவாயினும்’ என்பது பொருள். தைப்பூசத்தை இவ்வைந்து இடங்களில் எழுதிவிட முடியாது; கிரானுக்கு நட்சத்திரம் தெரியாது.

மாதத்தின் முதல் வெள்ளியன்று மட்டும் ஒரு பணி நடைபெற வேண்டும் என்போம். தேதியில் 1-7, கிழமையில் 5 என்று எழுதத் தோன்றும். இலக்கணம் பயின்ற நாம் அதனை எண்ணும்மையாகக் கொள்வோம்: தேதியும் பொருந்த வேண்டும், கிழமையும் பொருந்த வேண்டும். கிரானோ அங்கே ‘அல்லது’ என்று படிக்கும். முதல் ஏழு நாளும் பணி நடக்கும். எஞ்சிய வெள்ளிகளிலும் நடக்கும். கிழமையில் உடுக்குறியிட்டு, ‘இன்று வெள்ளியா’ என்னும் சோதனையைக் கட்டளைக்குள் வைப்பதே வழி.

கணக்கர் நம்பியிருப்பது கடிகாரத்தை. அக்கடிகாரமே தாவினால்? 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை நள்ளிரவுக்கு நகர்த்தி, சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைந்தது. பினாங்கில் அன்றிரவு 11.45 என்ற பொழுதே வரவில்லை. இன்றைய டெபியனில் உள்ள கிரான் மூன்று மணிக்குக் குறைந்த இத்தகைய தாவலை உணர்ந்து, அவ்விடைவெளியில் குறித்த மணிக்கு நடந்திருக்க வேண்டிய பணியைச் சற்றுப் பின்னர் நடத்திவிடும்.

ஆனால் கணினியே அணைந்திருந்தால் கிரானால் இயலாது. பிறையில் நம் பள்ளி அலுவலகக் கணினிகள் மாலையில் அணைக்கப்படுபவை. மதிப்பெண் கோப்புகளை இரவு 10 மணிக்குப் படியெடுக்கச் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு மின்விசையை நிறுத்தினால், ஆண்டு முழுதும் ஒரு படியும் இராது. பிழைச்செய்தியும் வராது. வட்டு பழுதாகும் நாளில்தான் தெரியும். இத்தகைய கணினிக்கு ஏற்றது அனக்ரான். அதன் பட்டியலில் மணிக்கு இடமே இல்லை: எத்தனை நாளுக்கு ஒருமுறை, கணினி எழுந்தபின் எத்தனை நிமிடம் பொறுத்து, பணியின் பெயர், கட்டளை, அவ்வளவே. நேற்று விடுபட்டதை இன்று காலை நாம் கணினியைத் திறந்ததும் அது முடித்துவிடும்.