நடுவூர்களையும் எண்ணுவோம்



மலையும் காடும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் நெடுந்தூரங்களைக் கடக்க ரயில் ஏற்றதா, விமானம் ஏற்றதா என்று பேசக் கூடியிருக்கிறோம். திருத்தணியில் இதைப் பேசுவது மிகவும் பொருத்தம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பாதை திறந்த மெட்ராஸ் ரயில்வே, அடுத்துப் பம்பாயை எட்டப் பார்த்தது. அரக்கோணத்தில் பிரிந்த பாதை ரேணிகுண்டா, கடப்பை, குந்தக்கல் வழியாக ராய்ச்சூர் போய், 1871-இல் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அந்த நெடும்பாதையில் திருத்தணி வெறும் வழியூர். ஆனால் ஆடிக் கிருத்திகையன்று நம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். பூக்காவடியும் பால்குடமுமாக இறங்கும் கூட்டத்துக்கும் பம்பாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரம். இருந்தும் நகரிக்காரர்களும் புத்தூர்க்காரர்களும் நம்மவர்களும் ஒரே வண்டியில்தான் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிறார்கள்.

அதே பம்பாய்–சென்னை தூரத்தை 1932 அக்டோபரில் விமானமும் கடந்தது. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரியில் இறங்கிப் பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். ரயில் எத்தனையோ ஊர்களில் நின்று நின்று வந்த தூரத்தில், விமானம் நடுவே தொட்டது அந்த ஒரே ஊரை. வேகப் பட்டியலில் இந்த வேறுபாடு ஏறுவதே இல்லை. அதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை.

மலை என்று வந்துவிட்டால் ரயில் படும் பாடு கொஞ்சமல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அதிகத் தடையின்றி உருண்டு ஓடுவதால்தான் சமவெளியில் பெரும் சுமையைக் குறைந்த செலவில் இழுக்கிறது. சரிவில் அந்தப் பிடிமானக் குறைவே அதற்குப் பகை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் ஊட்டிக்கும் போன நீலகிரி ரயிலில், பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் இடங்களில் எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்தே ஏற வேண்டியிருக்கிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அடைமழையில் மண் சரிந்தால் வண்டியே கிடையாது. காஷ்மீரில் 272 கிலோமீட்டர் பாதையில் 119 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போகிறது; அது முழுமையாகத் திறக்க 2025 ஜூன் ஆயிற்று. இதற்கெல்லாம் ஆகும் பணத்தையும் காலத்தையும் மறைத்துவிட்டு ரயிலுக்காக வாதாட நான் விரும்பவில்லை.

விமானத்துக்கும் மலை சலுகை காட்டுவதில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் லே நகரில் காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குத் தாங்கல் குறைவு. சுமையைக் குறைத்தே கிளம்ப வேண்டும். பிற்பகலில் காற்று சுழன்றடிப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்துபோகின்றன. ஆனாலும் பனி மூடிய மாதங்களில் அந்த மக்களுக்கு விமானத்தை விட்டால் வேறு நம்பகமான வழி இல்லை. அங்கே போய் நடுவூர்க் கணக்குப் பேச எனக்கு உரிமையில்லை.

நம் பக்கத்து நிலைமை வேறு. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் 2018-இல் சேலத்துக்கு வந்த சென்னை விமானம் 2021-இல் நின்றுபோனது; 2023-இல்தான் சேலத்தில் மறுபடி விமானம் இறங்கியது. பயணிகள் குறைந்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். போட்ட தண்டவாளத்தை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மக்கள் அதை நம்பி வீடு கட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளைகளைத் தூரத்துக் கல்லூரியில் சேர்க்கிறார்கள்.

ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-இல் வந்தது. அகலப்பாதையாக்க 2010-இல் மூடிய அதை 2018-இல்தான் திறந்தார்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு நேரே போகிறவர்கள் பஸ்ஸில் போயிருப்பார்கள். நடுவிலிருக்கும் ஆரியங்காவிலும் தென்மலையிலும் அந்த எட்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? அங்கே வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிய கட்டுரை ஒன்று இந்த மேடையில் வாசிக்கப்பட்டால் பெரிதும் மகிழ்வேன்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.