"டொக்டர் கேக்கிறார், என்ன சொல்லட்டும்?"

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் இதைவிட மகிழ்ச்சியான விடயம் எதுவும் கிடைக்கவில்லையா என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முன்பு பிள்ளைகளின் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தது. இப்போது நடுச்சாமத்தில் வருவது வேறு. "அப்பாவுக்கு மெஷின் போடட்டோ எண்டு டொக்டர் கேக்கிறார், என்ன சொல்லட்டும்?" ரொறன்ரோவிலிருந்து ஒருத்தி கேட்பாள், மெல்பேணிலிருந்து ஒருத்தி, வவுனியாவிலிருந்து ஒருத்தி.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. நாங்கள் மூன்று சகோதரிகள். மூவரும் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள். அம்மாவும் இங்கேதான் படித்தவர். எங்களில் ஒருத்தி வைத்தியர், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி கனடாவில். அம்மாவுக்கு ஏழு வருட மறதிநோய். முதலில் எங்கள் பெயர்கள் போயின, பிறகு நடை போனது, கடைசியில் விழுங்குவதும் போனது. கஞ்சி புரைக்கேறி நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாட்டில் நின்ற இளம் வைத்தியர் கேட்டார்: "மூக்கால குழாய் போடட்டோ? மூச்சு மோசமானால் மெஷினில விடட்டோ?"

வைத்தியர்களாகிய நாங்கள் அந்தக் கேள்வியை எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறோம். கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு பொல்லாத கேள்வி என்று விளங்கியது. "வேண்டாம்" என்று எந்தப் பிள்ளையின் வாய் சொல்லும்?

குழாய் போட்டார்கள். அம்மா இழுத்து எறிந்தார். மீண்டும் போட்டார்கள், மீண்டும் இழுத்தார். மூன்றாம் முறை, இழுக்காதபடி இரண்டு கைகளையும் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். எங்களுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, ரிபன் கட்டி, இந்தப் பாடசாலைக்கு அனுப்பிய கைகள் அவை.

முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. புரையேறி வரும் நியூமோனியாவையும் அது தடுப்பதில்லை. நிமிர்த்தி இருத்தி, கேட்கும் அளவுக்குக் கையால் ஊட்டுவதே முதியோர் மருத்துவ நிபுணர்கள் சொல்லும் வழி. எங்களில் வைத்தியராக இருப்பவளுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையாட்டினோம். காரணம் சனம். "பிள்ளையள் சாப்பாடு குடாமல் விட்டிட்டினம்" என்று செத்தவீட்டில் கதைக்கும் என்ற பயம். இப்படியொரு காரணத்துக்காக ஒரு மனுசியின் கைகளைக் கட்டலாமா என்று அப்போது எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.

கனடாவில் இருந்தவள் தொலைபேசியில், "எல்லாம் செய்யுங்கோ, நான் வந்திடுறன்" என்றாள். 1991இல் வெளிவந்த ஒரு வைத்தியக் கட்டுரை இதற்குப் பெயரே வைத்தது: "கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்." தூரத்தில் இருந்த பிள்ளை கடைசி நேரத்தில் வந்து எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று சண்டை பிடிப்பது. இங்கே வந்திருக்கும் லண்டன், சிட்னி அக்காமார் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தவர்கள் ஏழு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுது முடித்ததை, தூர இருந்தவள் ஒரே இரவில் அழ வேண்டியிருக்கிறது. அவளுக்கு அம்மா இன்னும் விமான நிலையத்தில் கைகாட்டிய அம்மாதான். ஆகவே நாங்கள் வீடியோவில் கட்டிய கைகளைக் காட்டினோம். அவள் அதன் பிறகு "எல்லாம்" என்ற சொல்லைச் சொல்லவில்லை.

சின்னம்மாதான் சரியான கேள்வியைக் கேட்டார். "அக்காவுக்கு இப்ப அஞ்சு நிமிசம் நினைவு தெளிஞ்சால் என்ன சொல்லுவா?" அம்மம்மா இறந்த வருடம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா சொன்னது மூவருக்கும் நினைவு வந்தது: "என்னை வயர் கொழுவி வைக்காதேங்கோ." அதுவரை "எங்களுக்கு என்ன வேணும்" என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

குழாயை எடுத்து, மெஷின் வேண்டாமென்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூச்சுத் திணறலுக்குச் சிறிய அளவில் மோர்பின். அளவோடு கொடுக்கும் மோர்பின் உயிரைப் பறிப்பதில்லை. இதை ஊருக்கு இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது. மசித்த கதலிப்பழம், கேட்டால் இரண்டு கரண்டி. கேட்காவிட்டால் நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றிவிடுவோம்.

மெஷின் எல்லாருக்கும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திடீரென இதயம் நின்றுபோன நாற்பது வயதுக்காரருக்கு நெஞ்சை 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை அழுத்தத்தான் வேண்டும். நீண்ட நோயின் முடிவில் இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு அதே அழுத்தம் விலா எலும்பை முறிக்கும். ஆளைத் திருப்பித் தருவது அரிது. நிச்சயமில்லாத இடத்தில், "மூன்று நாள் செய்து பார்ப்போம், தேறாவிட்டால் நிறுத்துவோமா?" என்று வைத்தியரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் கோபிக்க மாட்டோம். கோபித்தால் வேறொருவரிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை மட்டும் குறை சொல்லியே ஆக வேண்டும். நோயாளி நல்ல நினைவோடு கட்டிலில் இருப்பார். நாங்கள் விறாந்தையில் நின்று குசுகுசுத்து முடிவெடுப்போம். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்." சிறுநீரகம் பழுதான ஒரு அப்பா, வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கப் போகிறார். விரும்புகிறாரா என்று அவரைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருப்போம். அநேகமாக அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எங்களுக்காகத் தெரியாததுபோல் இருப்பார்.

அம்மா வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தார். கனடாக்காரி பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தாள். பெயர் சொல்லவில்லை, ஆனால் அவிழ்த்துவிட்ட கையால் அவளுடைய தலைமயிரைத் தடவினார். பதினாறாம் நாள் மறுபடி காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. கொண்டு போயிருக்க வேண்டுமா என்று அவள் போன வருடத் திவசத்தன்றும் கேட்டாள். நாங்கள் மூவரும் மூன்று பதில் சொன்னோம்.

கேள்விகளுக்கு அரைமணித்தியாலம் தந்திருக்கிறார்கள். கேளுங்கள்.