இன்னொரு வாசலால் வந்தவர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் 'நாங்கள்' என்றே பேசப்போகிறோம். எங்கள் உயர்தர வகுப்பிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் இப்போது அவுஸ்திரேலியாவில். மற்றவர் இந்த மாவட்டத்திலேயே வைத்தியர். இன்று கடமை இருப்பதால் அவர் வரமுடியவில்லை. நேற்றிரவு அவருடைய குவாட்டஸில் இருந்து இருவருமாகவே இந்த உரையை எழுதினோம்.

'மருத்துவத்துறையில் பெண்கள்' என்று தலைப்புத் தந்திருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், அதைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவரும் மாவட்ட அடிப்படையில் தெரிவானவர்கள். திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். அதே புள்ளியோடு கொழும்பில் இருந்திருந்தால் எங்களுக்கு மருத்துவம் கிடைத்திராது. பீடத்தில் முதல் மாதமே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார், "நீங்கள் கோட்டாவிலயா வந்தனீங்கள்?" என்று. பதில் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் யாருக்கும் சொல்லவில்லை.

எங்களில் ஒருத்தி படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தது. எங்கள் காலத்தில் பாதை ஓடாத நாளில் பள்ளிக்கூடமும் இல்லை. பௌதிகவியலுக்கு ஒரு வருடம் ஆசிரியரே இல்லை. அந்தப் புள்ளிக்குள் இதெல்லாம் இருந்தது. ஆனால் புள்ளி அதைச் சொல்லாது, நாங்களும் சொல்லவில்லை.

அவுஸ்திரேலியாவில் நாங்கள் வேலை செய்வது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில். அங்கே வாட்டுக்கு ஒரு மருத்துவ மாணவி வந்தாள். முப்பது வயது தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய், ஆதிக்குடிப் பெண். ஆதிக்குடி மாணவர்களுக்கான தனி அனுமதி வழியில் வந்தவள் என்று யாரோ காதோடு சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் உடனே அந்தப் பழைய கேள்விதான் மனதில் வந்தது. கேட்டவர்களை விட நாங்கள் திறமான ஆட்கள் இல்லை.

அந்தக் கிழமை ஓர் ஆதிக்குடிப் பாட்டி அனுமதிக்கப்பட்டிருந்தார். (சில விபரங்களை மாற்றியே சொல்கிறோம்.) நியுமோனியா, சிறுநீரகமும் பழுது. இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று எழும்பிவிட்டார். ஒட்சிசன் அளவைக் காட்டி, உயிருக்கு ஆபத்து என்று விளக்கி, கையெழுத்து வைக்கும் தாளையும் நீட்டியாயிற்று. அந்த மாணவி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நீங்கள் எந்த ஊர், எந்தச் சனம் என்று கேட்டாள். எங்கட பக்கம் 'ஆர்ர மகள், என்ன குடி' என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். பத்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் ஏழு வயதுப் பேரன், பார்க்க ஆளில்லை. ஆளில்லை என்று வைத்தியசாலையில் சொன்னால் பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம். அங்கே தலைமுறை தலைமுறையாக ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். அதற்கு நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008 இல்தான். மாணவி பாட்டியின் தங்கை மகளைத் தொலைபேசியில் பிடித்தாள். பாட்டி ஒன்பது நாள் தங்கிச் சுகமாகிப் போனார்.

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நாங்கள் மட்டக்களப்பார்.

மெல்பேர்ணில் மருத்துவ பீடம் 1862 இல் தொடங்கியது. அந்த நாட்டின் முதலாவது ஆதிக்குடி மருத்துவர் ஹெலன் மில்ரோய் பட்டம் பெற்றது 1983 இல். இடையில் 121 வருடங்கள். 1980களின் நடுப்பகுதியில் நியூகாசில் பல்கலைக்கழகம்தான் முதலில் ஆதிக்குடி மாணவர்களுக்கென ஒரு வாசலைத் திறந்தது. இன்று அதன் முன்னனுமதித் திட்டத்துக்கு வருபவர்கள் சில நாட்கள் விரிவுரை, சிறுகுழு வேலை, நேர்முகம் என்று போய்வருகிறார்கள். பாடசாலைப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து ஆளை அளப்பதில்லை. தான் ஆதிக்குடி என்று சொன்னால் மட்டும் போதாது. வம்சமும் வேண்டும், அந்தச் சமூகமும் 'இவள் எங்கட பிள்ளை' என்று ஏற்க வேண்டும். உள்ளே வந்தபிறகு பரீட்சை எல்லோருக்கும் ஒன்றே. சித்தி பெறாமல் யாரும் வைத்தியராவதில்லை. ஆனாலும் 2021 மதிப்பீட்டின்படி சனத்தொகையில் 3.8 வீதமான மக்களுக்கு, வைத்தியர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இன்னும் இல்லை.

நியூசிலாந்தில், ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில், மாவோரி மற்றும் பசிபிக் மாணவர்களுக்கான வழி 1972 முதல் இருக்கிறது. அங்கே எங்களுக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்கிறோம். நேர்முகமும் கணித, ஆங்கிலச் சோதனையும் வைத்துவிட்டு 'எடுத்தோம், எடுக்கவில்லை' என்பதோடு நிறுத்துவதில்லை. நீ எந்தப் படியிலிருந்து தொடங்கினால் நல்லது என்றும் சொல்கிறார்கள். தேவையென்றால் ஒரு வருட அடிப்படைப் படிப்பு, பிறகு பட்டப்படிப்பு.

'தரப்படுத்தல்' என்ற சொல் எங்கள் வீடுகளில் எப்படிப் பட்டதென்று தெரியும். 1971 இல் மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளி, சிங்கள மாணவருக்கு 229. அதை நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டது அது. நியூகாசிலில் நடப்பது, வெளியே தள்ளியவர்கள் தள்ளப்பட்டவர்களுக்குக் கதவு திறப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. 1974 இல் வந்த மாவட்ட முறையைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்றும் கோபமாகப் பேசுவார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் அதனால் வைத்தியர்கள் கிடைத்தார்கள். அவர்களில் இருவர்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாசல் மட்டும் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போனோம். உடற்கூற்றியல் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். பக்கத்தில் லிப்கோ அகராதி. முதல் சோதனையில் ஒருத்தி சித்தியடையவில்லை; பெட்டியைக் கட்டிவிட்டாள். இந்தப் பாடசாலையில் எங்களுக்கு மூன்று வருடம் முந்திய ஓர் அக்கா பெட்டியை அவிழ்த்துப்போட்டு, தினமும் இரவு பத்து மணிக்கு எங்களை இருத்திப் படிப்பித்தா. அவ இன்று சபையில் இருக்கிறா. பெயர் சொன்னால் கோபிப்பா.

இனி எங்கள் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியில் உயர்தரத்தில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப்பதக்கம் என்று முடிவெடுத்திருப்பதாக அறிந்தோம். நல்லது, கொடுங்கள். ஆனால் மீதிப் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாகரைப் பக்கம் கடலோர வேடர் இருக்கிறார்கள். எங்கள் தமிழையே பேசுகிறவர்கள். 2004 இல் கடல் அடித்தது, பிறகு 2006 இலும் 2007 இலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள். இந்தக் கரையின் ஆதிக்குடி யார் என்று கேட்டால் அவர்களைத்தான் காட்ட வேண்டும். நாங்கள் ஏழு வருடம் இந்த விடுதியில் இருந்தோம். அங்கிருந்து ஒரு பிள்ளை வந்ததாக எங்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வயதில் அது ஒரு குறையாகவும் படவில்லை.

சாதாரணதரம் முடித்த பிள்ளைகளில் இரண்டு பேரை வருடந்தோறும் எடுப்போம். புள்ளியை மட்டும் பாராமல் அதிபரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு எடுப்போம். தாதியோ, மருந்தாளரோ, வைத்தியரோ, எதற்குப் போக விரும்புகிறாளோ அதற்கேற்பத் தொடங்கும் படியைப் பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அக்கா பொறுப்பு. விஞ்ஞானப் பாடங்களுக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு. ஒருவர் நேரில், மற்றவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சூமில்.

காலையில் விடுதிக்குப் போய்ப் பார்த்தோம். மேல்மாடியில் ஆறு கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது என்று விடுதிப் பொறுப்பாசிரியை சொன்னார். மெத்தை மட்டும் மாற்ற வேண்டுமாம்.